வழவழப்பு

மறுபடியும் இணைப்பு போய்விட்டது. தெய்வசிகாமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே செல்போனைக் குழாயோடு ஒட்டிப் பிடித்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றட்டும், அதற்குச் சுற்றுவதைத் தவிர வேறு என்ன பிழைப்பு. மே மாத மத்தியானம். பால் கம்பெனியில் குழாய் கழுவும் இந்த அறைக்கு ஜன்னல் வைக்க எவனுக்கும் தோன்றவில்லை. தலைக்கு மேலே எவர்சில்வர் குழாய்கள், காலுக்குக் கீழே ஈரம், மூக்கில் சோடா நெடி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. இத்தனைக்கும் நடுவில், நுனி தண்ணீரில் நனையும்படி அந்தக் குழாயில் செருகியிருக்கிற சென்சார், அதன் தலையில் தொப்பி போட்டதுபோல் ஓர் அடாப்டர். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். காலையிலிருந்து அவன் உயிரை எடுக்கிறது. அதற்கென்று பெரிய வேலை ஒன்றும் கொடுத்துவிடவில்லை. பால் டாங்க்கிலிருந்து பாக்கெட் போடும் மெஷினுக்குப் போகிற லைனை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சூடான காஸ்டிக் சோடா விட்டுக் கழுவுவார்கள், அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசுவார்கள். சோடா கலந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும், எண் உயரத்தில் நிற்கும். அலச அலச எண் இறங்கும். இறங்கி முடிந்ததும் பேனலில் பச்சை விளக்கு எரியும், பாலைத் திறந்துவிடலாம். எண்ணைச் சொல்வதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானே. இது எண்ணையும் சொல்லிவிட்டு, கூடவே ஒரு புகாரும் சொல்கிறது. திரையில் இங்கிலீஷில் வரும் அந்த வரியை அவன் மனசுக்குள் தமிழில்தான் படிப்பான். நுனி மூடியிருக்கலாம். இருக்கலாமாம். இருக்கிறதா இல்லையா என்று சொல்லித் தொலைக்க மாட்டாயா. அந்த வரி வந்தால் போச்சு, பச்சை அணைந்துவிடும், ஹூட்டர் அலறும், அலசல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். காலையிலிருந்து இதே கூத்துதான், வாசலில் சாயங்காலப் பாலுக்கு வந்த வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன.

மேனேஜர் லோகநாதன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சிகாமணி, அந்த வார்னிங்கை லாக்ல மட்டும் விழற மாதிரி வைய்யி. லைனை நிறுத்தற அதிகாரமெல்லாம் அதுக்கு வேண்டாம். என்ன?" சரிங்க சார் என்று சொல்லியாகிவிட்டது. சொல்வதற்கென்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது. செய்யப் போனால்தான் தெரிகிறது. அடாப்டருக்குள்ளே எச்சரிக்கைகள் ஒரு ஊரே இருக்கிறது. ஒவ்வொன்றையும் தொட்டுத் திறந்து, அதை என்ன செய்வது என்று சொல்ல வேண்டும்: அணைத்துவிடலாம், பதிவில் மட்டும் போடலாம், திரையில் காட்டலாம், லைனை நிறுத்தலாம். வெயில் ஏறினால் எனக்குச் சூடாக இருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை. பக்கத்து மோட்டார் கிளம்பும்போது கரண்ட் ஒரு இமை நேரம் தடுமாறினால் அதற்கொன்று. சரிபார்க்கும் நாள் நெருங்குகிறது என்று ஒன்று. நெருங்கட்டும், தீபாவளியும்தான் நெருங்குகிறது. முன்னால் இருந்த பழைய சென்சார் வாயில்லாப் பூச்சி. முள்ளு ஒன்று ஆடும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். அது கெட்டுப்போனால்கூட சத்தமில்லாமல் கெட்டுப்போகும், அதுவரைக்கும் நிம்மதி. இப்போது வந்திருப்பது தொட்டாற்சிணுங்கி. பட்டியலைக் கீழே தள்ளினான். சூடு, கரண்ட், சரிபார்ப்பு. நுனி, நுனி எங்கே. இதோ வந்துவிட்டது என்று தொடுவதற்குள் வட்டம் மறுபடி சுற்றியது. இணைப்பு போய்விட்டது.

சரி, பதிவையாவது பார்ப்போம் என்று பதிவைத் திறந்தால் அங்கே அதைவிட வேடிக்கை. செல்போன் இணைந்தது, சிகாமணி. செல்போன் விலகியது, சிகாமணி. இணைந்தது, சிகாமணி. விலகியது, சிகாமணி. பதிவில் இத்தனை வரிதான் நிற்கும் என்று கணக்கு, புது வரி வந்தால் பழையது வெளியே போய்விடும். காலையிலிருந்து அவனும் அந்தச் சனியனும் சேர்ந்ததும் பிரிந்ததும்தான் மொத்தப் பதிவும், உருப்படியாக ஏதாவது நடந்திருந்தால் அதையெல்லாம் இந்தக் குடித்தனம் தள்ளிவிட்டிருக்கிறது. அடிமட்டத்தில் மட்டும் இரண்டு பழைய வரிகள் தொங்கிக்கொண்டிருந்தன: நுனி எச்சரிக்கை, பதிவுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது, சிகாமணி. நுனி எச்சரிக்கை, லைனை நிறுத்து என்று மாற்றப்பட்டது, சிகாமணி. நேரத்தைப் பார்த்தான். இன்று விடியற்காலை. அந்த நேரத்தில் அவன் வீட்டில் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நன்றாக இருக்கிறது, தூங்கும்போதுகூட அவன்தான் வேலை செய்திருக்கிறான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தானே. கம்பெனி ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துத்தான் இருந்தது. எல்லாரும் மறந்து தொலைத்தார்கள். அவனுடையது ஒன்று இரண்டு மூன்று நான்கு. அண்ணா உங்களதுலயே போயிக்கறமுங்க என்றார்கள், போங்கடா என்றான். ராத்திரி ஷிப்ட்டுக்கும் விடியற்காலை வண்டி நிற்கும், அவர்களுக்கும் ஹாரன் அடிப்பான், அவர்கள் இதன் வாயை அடைத்துப் பாலை ஓட்டிவிட்டு, கிளம்பும்போது பழையபடி திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எத்தனை நாளாகவோ. கெட்டிக்காரப் பயல்கள். திருட்டுத்தனமாக அவர்கள் செய்ததை இப்போது மேனேஜர் சொல்லி அவன் பகலில் செய்யப் போகிறான், வித்தியாசம் அவ்வளவுதான்.

முட்டி வலித்தது, காலை மாற்றி வைத்தான். நுனியைக் கழற்றிப் பார்க்கலாம்தான். போன வாரம் கழற்றித் துணியால் துடைத்துத்தான் போட்டான். வெள்ளையாக ஏதோ பிடித்திருந்தது, பாலில் சோடாவும் சூடும் பட்டுப் படிகிற காரை. துணிக்கு அது அசையாது, ஆசிடில் ஊறப்போட வேண்டும், ஊறப்போட்டால் லைன் அரைநாள் நிற்கும். வேறு சென்சார் கேட்டு எழுதிப் போட்டு எத்தனை நாள் ஆகிறது. கேட்டால் வருது வருது என்கிறார்கள். அதனால் துடைத்து மாட்டிவிட்டான். மாட்டிய அன்றைக்கே மறுபடியும் அந்த வரி. நுனி மூடியிருக்கலாம். துடைத்துவிட்டேனே, இன்னும் என்ன உனக்கு. சிலபேருக்கு எதைச் செய்தாலும் போதாது. வீட்டிலும் இதேதான். வீட்டை ஏன் நினைக்கிறான் இப்போது, வீட்டை நினைக்கிற நேரமா இது. ஆனாலும் பெண்டாட்டி கலாமணியின் முகம் வந்து நின்றது, கையில் டீ டம்ளரோடு. "ஏனுங்க, டீ ஒரு மாதிரி சோப்பு வாசம் அடிக்குதுங்க. நெறமும் பாருங்க, எப்பவும் போல இல்லை, கருஞ்செவப்பா இருக்குது." அவன் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த அறையிலேயே கிடந்து கிடந்து அவன் மூக்கு எப்போதோ செத்துப்போயிற்று. "போசியை ஒழுங்காக் கழுவோணும் புள்ள. சோப்பைப் போட்டுட்டு அலசாம வெச்சா வாசம் அடிக்காம என்ன பண்ணும்?" என்றான். மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும். பால் காய்ச்சும் அந்தப் போசிப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், அவன் பார்க்க வேண்டுமென்றே வாசலில் உட்கார்ந்து தேய்த்தாள். "இப்பப் பாருங்க, மூஞ்சி பாக்கலாம். இன்னைக்கும் வாசம் வந்தா என்ன சொல்லுவீங்க?" வந்தது என்றாள். "உனக்கு வேற வேலையே இல்லையா? சொன்னதையே சொல்லிட்டு" என்று கத்திவிட்டான். ஷிப்ட்டுக்குக் கிளம்புகிற அவசரம். அப்புறம் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு வழியாகப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டான், நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது யோசித்தால், அவள் டீ குடித்து அவன் பார்க்கவே இல்லை சில நாளாக. அவனுக்கு மட்டும் டம்ளர் வரும். நீ குடிக்கலையா என்று கேட்க வேண்டும் என்று தோன்றும், அதற்குள் பஸ் வந்துவிடும்.

வட்டம் நின்றது. இணைந்துவிட்டது! பட்டியலை வேகமாகத் தள்ளினான். சூடு, கரண்ட், சரிபார்ப்பு, இதோ நுனி. திறந்தான். மேலே பேனல் ரூமிலிருந்து சாந்தாமணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, நெம்பர் எறங்கிருச்சுங்க. பச்சை வந்துருச்சு. அது மறுக்கா அணையறதுக்குள்ள பாலைத் தொறந்து உட்டுரட்டுங்களா?" "சித்த பொறும்மா. செட்டிங் முடிச்சுட்டுச் சொல்றேன்." "சீக்கிரம் பாருங்கண்ணா. நானும் நேரத்துல போகோணும், பையன் படுத்தறான். இப்பல்லாம் காலையில பால் டம்ளரைக் கிட்டக் கொண்டு போனாலே தட்டி உடறானுங்க. நாளைக்குப் பாக்கெட் எனக்கு வேண்டாம், நீங்களே எடுத்துக்குங்க." கதவு சாத்திக்கொண்டது. பாக்கெட் என்று அவள் சொன்னது விடியற்காலை ஓட்டத்தில் முதலில் விழுகிற பாக்கெட்டை. மெஷின் கிளம்பும்போது முதல் பத்துப் பதினைந்து பாக்கெட்டில் அச்சு கோணலாக விழும், பெயர் ஒரு பக்கம் தேதி ஒரு பக்கம் என்று. கடைக்கு அனுப்ப முடியாது. அதைக் கூடையில் போட்டு வைப்பார்கள், ஷிப்ட் முடிந்து போகிறவர்களும் வருகிறவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். பால் என்னவோ அதே பால்தான், லேப்பில் டாங்க்கிலிருந்து எடுத்துச் சோதித்த பால். கம்பெனி கொடுக்கிற ஒரே சலுகை. அது கிடக்கட்டும், முதலில் இதை முடிப்போம். நாலு வழி காட்டியது திரை. இரண்டாவது: பதிவில் மட்டும். விரலை வைத்தான். விரல் வழுக்கி மூன்றாவதில் போய் விழுந்தது.

சை. அந்த லைனிலிருந்து சாம்பிள் தண்ணீர் பிடிக்கிற சின்னக் குழாய் அவன் தோளுக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது, அந்தத் தண்ணீர் கையெல்லாம். பேண்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது. கையில்தான் கோளாறா, போனிலா, இல்லை இன்றைக்கு எழுந்த முகமா. வியர்வைதான். வியர்வை கசகசக்கிறது, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தான், கோபத்தில்தான் தேய்த்தான். தேய்த்தவன் நின்றுவிட்டான். வியர்வை பிசுபிசுக்கும். இது பிசுபிசுக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று விரல் நிற்காமல் ஓடுகிறது, விளக்கெண்ணெய் தொட்டதுபோல, ஆனால் எண்ணெய் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரும் சொல்லாமலே கை கற்றுக்கொண்ட விஷயம் இது. சோடா பட்டால் தோலே கொஞ்சம் கரைந்து சோப்பாகும், எத்தனை கழுவினாலும் அந்த வழவழப்பு லேசில் போகாது. காலையில் சோடா டிரம்மைத் தொட்டோமா, தொட்டிருப்போம், அந்த மிச்சமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் பச்சை எரிகிறது, எண் இறங்கிவிட்டது, இது அதே குழாயின் தண்ணீர், அலசி முடிந்த நல்ல தண்ணீர். எழுந்தான், மூலையிலிருந்த குழாயில் முழங்கைவரை கழுவினான், நகக்கண்ணெல்லாம் தேய்த்தான், விரல் கீச்சென்று சத்தம் போடும்வரை தேய்த்தான். கைக்குட்டையில் துடைத்தான். திரும்பி வந்து சொட்டுகிற இடத்தில் உள்ளங்கையை ஏந்தினான், கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருந்தான். சேர்ந்தது. விரலை நனைத்துத் தேய்த்தான். ஓடியது. வழவழவென்று ஓடியது.

அப்படியானால் எண் பொய். எண் இறங்கவில்லை, நுனிக்குத்தான் தெரியவில்லை. காரை மூடிய நுனிக்குத் தண்ணீரில் இருக்கிற சோடா எப்படித் தெரியும், கம்பளி போட்டு மூடிய கையால் சுடுகிறதா என்று பார்ப்பதுபோலத்தானே. சோடா முழுக்கப் போவதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது, பச்சை எரிகிறது, பால் திறக்கிறது. நுனி மூடியிருக்கலாம். அதைத்தானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. அதை மட்டும்தானே சொல்லிக்கொண்டிருந்தது. சூடு, கரண்ட், சரிபார்ப்பு என்று நூறு சொல்லி அதில் ஒன்று நிஜமாக இருந்தால் மனுஷன் எதை நம்புவது. லைனில் தங்கிய சோடா எங்கே போகும்? பாலுக்கு முன்னால் போகும், முதலில் விழுகிற பாக்கெட்டுக்குப் போகும். முதல் பாக்கெட் யாருக்கு? கோணல் அச்சுப் பாக்கெட். கூடையில் கிடக்கிற பாக்கெட். லேப்பில் டாங்க்கைத்தான் சோதிக்கிறார்கள், டாங்க்கில் ஒன்றும் இல்லை, லைனை யார் சோதிக்கிறார்கள், லைனைச் சோதிக்கத்தானே இந்த நுனி. சாந்தாமணியின் பையன் டம்ளரைத் தட்டிவிடுகிறான், படுத்துகிறான் என்று அவள் சலித்துக்கொள்கிறாள். சோப்பு வாசம். கருஞ்சிவப்பு. சோடா பட்டால் டீ கறுக்கும் என்று அவனுக்குத் தெரியாதா, இருபது வருஷமாக இதே வேலை பார்க்கிறவனுக்கு. தெரியும். வீட்டுக்குப் போனால் தெரியாது. போசியை ஒழுங்காக் கழுவு என்றானே. அலசவில்லை என்றானே. அலசாதவன் யார்?

போன் அடித்தது. லோகநாதன். "என்னய்யா, முடிஞ்சுதா? பச்சை வந்துருச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. தொறக்க வேண்டியதுதானே?" "சார், பச்சை தப்புங்க சார். தண்ணியில இன்னும் சோடா இருக்குதுங்க. நுனியில காரை மூடியிருக்குது." "எப்படிச் சொல்றே?" "கையில வழவழங்குதுங்க சார்." போனில் அவர் பின்னாலும் ஹாரன் கேட்டது. "சிகாமணி. நான் ஏஜெண்ட்கிட்ட என்னன்னு சொல்லட்டும், எங்க ஆளுக்குக் கை வழவழங்குதுன்னா? வார்னிங்கை லாக்ல போட்டுட்டுத் தொறந்து விடு. லைனை அப்புறம் பாத்துக்கலாம். இதுக்கு மேல லேட் ஆச்சுன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம், அதையும் சொல்லிட்டேன்." வைத்துவிட்டார். அவர் சொன்னது எந்தப் பதிவிலும் இல்லை. சிகாமணி செய்தால் பதிவில் விழும். நாளைக்கு வர வேண்டாம் என்றால் வேறு எங்கே போவது, இந்த வயதில் எவன் சேர்ப்பான், பெண்ணின் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இரண்டாவதை அமுக்கினால் போதும், பால் போய்விடும், வண்டி போய்விடும், இந்த ஒரு தடவைதானே. முதல் கொஞ்சம் பாக்கெட்டை எடுத்துக் கொட்டிவிடச் சொல்லலாமே. சொல்லலாம், இன்றைக்கு. நாளை விடியற்காலை யார் கொட்டுவார்கள், ராத்திரி ஷிப்ட்டுக்கும் ஒன்று இரண்டு மூன்று நான்கு தெரியுமே. பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது, அதுதான் அதிகமாக இருந்தது. விரலைச் சட்டையில் மறுபடி மறுபடி துடைத்துவிட்டு நான்காவதைத் தொட்டான். லைனை நிறுத்து. நிச்சயமாகவா என்று கேட்டது திரை. காலையிலிருந்து அது கேட்டதில் இது ஒன்றுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆமாம் என்றான், வாய்விட்டே சொன்னான். அதோடு விடாமல் பாஸ்வேர்டு மாற்றுகிற பக்கத்துக்குப் போனான், யாருக்கும் சொல்ல முடியாதபடி நீளமாக ஒன்றைப் போட்டான். பேனலில் பச்சை அணைந்தது. ஹூட்டர் அலற ஆரம்பித்தது.

சாந்தாமணி ஓடிவந்தாள். "என்னங்கண்ணா, அணைக்கறேன்னு போட்டு ஹூட்டரை அடிக்க உட்டுட்டீங்க? சார் கத்துவாருங்க." "கத்தட்டும். நீ பாலைத் தொறக்காதே, யார் சொன்னாலும் தொறக்காதே. நான் நுனியைக் கழட்டி ஆசிட்ல போடப் போறேன்." அவள் புரியாமல் நின்றாள். "உன்ற பையன் மேல தப்பில்லை சாந்தாமணி" என்றான். அவன் கையை நீட்ட, அவளும் அந்தச் சொட்டில் விரலை வைத்துத் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள், அப்புறம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனல் ரூமுக்குத் திரும்பிப் போய்ப் பால் வால்வின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் போட்டான். ஹூட்டர் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. "கலா, அந்தக் கூடைப் பாலு எதாச்சும் மிச்சம் இருந்தா கீழ ஊத்திரு. தொடாதே. கேக்குதா?" "கேக்குதுங்க. ஏனுங்க, என்னாச்சு? அது என்ன சத்தம்?" "சத்தம் கெடக்குது. இல்லை, வந்து, நீ சொன்னது நெசந்தான். போசியில ஒண்ணுமில்லை. பாலுதான். நான்தான்..." கலாமணி, கோபமே இல்லாத குரலில், கடைக்குப் போய் என்ன வாங்கினேன் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்: "அந்தப் போசியைப் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டனுங்க. எங்கம்மா வாங்கிக் குடுத்தது. நீங்க வையறீங்களேன்னு புதுசு ஒண்ணு வாங்கினேன். புதுசுலயும் அந்த வாசம் அடிச்சுதுங்க. சொன்னா மறுக்கா வைவீங்கன்னு சொல்லலை."

வாசலில் வண்டிக்காரர்கள் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள், போனில் இன்னொரு அழைப்பு லோகநாதன் பெயரோடு வந்து வந்து மின்னியது. அவன் எடுக்கவில்லை. ஹூட்டர் தலைக்கு மேலே அலறிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தவில்லை. "இருக்கறீங்களா?" என்றாள் கலாமணி. இருக்கிறேன் என்றான். "சொல்லு" என்றான். "இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்கறே, எல்லாத்தையும் சொல்லு."